காலை இழுப்பதும் வலியை உணர்வதும்



எழுத்தாளர்களும் களப்பணியாளர்களும் நின்று பேசும் இந்த மேடைக்கு இந்த ஆண்டு கால்நடை மருத்துவ ஆசிரியர்களை அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் மூன்று பேர். இருவர் பறையர் சேரியிலிருந்தும் ஒருவர் அருந்ததியர் குடியிருப்பிலிருந்தும் வந்தவர்கள். மூவரும் சேர்ந்து எழுதிய உரையை எங்களில் ஒருவர் வாசிக்கிறார். ஆகவே இதில் 'நாங்கள்' என்று வருகிற இடத்துக்கெல்லாம் மூவருமே பொறுப்பு. தவறுகளைச் சொல்லும் இடங்களுக்கும் அப்படியே.

எங்கள் வேலை, நாய் பூனை போன்ற சிறு பிராணிகளின் மூளை, தண்டுவடம், நரம்பு ஆகியவற்றில் வரும் நோய்களைப் பார்ப்பதும் அதைக் கற்பிப்பதும். ஊருக்குப் போனால், "நாய்க்குக்கூட நரம்பு டாக்டரா, நமக்கே இல்லையேப்பா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் பேருந்தில் போனால்தான் மனிதருக்கான நரம்பியல் மருத்துவரைப் பார்க்க முடியும் என்ற நிலையில் வாழ்கிறவர்களின் கேள்வி அது. அந்தக் கேள்வியை ஒதுக்காமல் கூடவே வைத்துக்கொண்டுதான் இந்த உரையை எழுதினோம்.

தொட்ட உடலும் தொடாத பட்டமும்

செத்த மாட்டை இழுத்துப் போவது, தோலை உரிப்பது, குடலைக் கழுவுவது ஆகியவை எங்கள் தாத்தாக்களின் மீது சுமத்தப்பட்ட வேலைகள். எந்த மாடு எதனால் செத்தது என்று மண்ணீரலைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்களில் இருந்தார்கள். இரத்தம் உறையாமல் ஒழுகினால் அந்த உடலை அறுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். அது அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ். அந்த அறிவுக்கு ஊர் கொடுத்த பெயர் தீட்டு. அதே மண்ணீரலைக் கல்லூரியில் வெள்ளைத் தட்டில் வைத்து விளக்கினால் அதற்குப் பெயர் நோய்க்குறியியல். அதைத் தொட்டவருக்குப் பட்டம் உண்டு, மரியாதை உண்டு, ஊதிய விகிதம் உண்டு.

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 1903இல். அதே ஆண்டில்தான் இத்தாலியில் அடெல்கி நெக்ரி, வெறிநோயால் செத்த விலங்கின் மூளைச் செல்களுக்குள் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். நெக்ரி உருண்டைகள் என்று இன்றும் அவர் பெயரால் அழைக்கிறோம். அந்த மூளையை வெளியே எடுக்க மண்டையோட்டை யாராவது அறுத்தாக வேண்டும். அந்த 'யாராவது' யார் என்று பாடநூல்கள் எழுதுவதில்லை. எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் நம்மவர்தான். இதற்குப் பிறகு வருவோம்.

இந்தத் துறை என்ன செய்கிறது

நாயால் எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே நாங்கள் முதலில் செய்வது நடக்கவிட்டுப் பார்ப்பது. பிறகு பாதத்தை மடக்கி, புறப்பகுதி தரையில் படும்படி வைப்போம். நலமான நாய் உடனே திருப்பி வைத்துக்கொள்ளும். திருப்பாவிட்டால், கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை, அல்லது மூளையின் ஆணை காலுக்கு வரவில்லை. பிறகு தலை நரம்புகள், முழங்கால் தட்டல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முடிவில் நோய் என்ன என்பதற்கு முன்னால் நோய் எங்கே என்பதைச் சொல்ல வேண்டும். மூளையிலா, சிறுமூளையிலா, கழுத்துத் தண்டுவடத்திலா, இடுப்பிலா? இதை இடங்காணல் என்கிறோம். ஸ்கேன் இல்லாத ஊரிலும் ஒரு சிறு சுத்தியலையும் இரண்டு கைகளையும் வைத்துப் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். அமெரிக்காவில் மெக்ராத் 1956இல் நாயின் நரம்புப் பரிசோதனைக்கென்றே ஒரு நூல் எழுதினார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டி லஹுண்டா எழுதிய பெரும் பாடநூல் 1977இல் வந்தது. இவற்றை நாங்கள் நூலகத்தில் நகலெடுத்துப் படித்தோம்.

ஒரு பரிசோதனையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு இளமையிலேயே கெட்டியாகி, ஒருநாள் வெடித்துத் தண்டுவடத்தை அழுத்தும். காலையில் ஓடிய நாய் மாலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். அதன் கால்விரலைக் கிள்ளினால் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். வளர்ப்பவர் மகிழ்ந்துபோவார்: "உணர்ச்சி இருக்கு டாக்டர்!"

முதலாண்டு மாணவரும் அப்படித்தான் எழுதுவார். அது தவறு. காலை இழுப்பது அனிச்சைச் செயல். விரலிலிருந்து போன செய்தி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் திரும்பி, அப்படியே காலுக்கு வந்துவிடுகிறது. நடு முதுகில் தண்டுவடம் முழுவதும் அறுந்துபோன நாயும் காலை இழுக்கும். வலி மூளைக்குப் போகிறதா என்று அறிய, விரல் எலும்பைக் கிடுக்கியால் அழுத்திக்கொண்டு நாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? அப்படியானால் உணர்வு இருக்கிறது. அறுவை செய்தால் அப்படிப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை மீண்டும் நடக்கும். உணர்வு போய்விட்ட நாய்களில் அறுவைக்குப் பிறகும் ஏறத்தாழப் பாதிதான் நடக்கும். ஆகவே பார்க்க வேண்டியது காலை அல்ல, முகத்தை. இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்லிக்கொடுக்கிறோம். எங்கள் சொந்த வாழ்க்கையில் இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு நாளானது.

ஒற்றை நாற்காலிகள்

இந்தப் பணிக்கு வரும் பாதையை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இளநிலைப் பட்டம் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. முதுநிலை இரண்டு, முனைவர் பட்டம் குறைந்தது மூன்று. ஆக, முனைவர் பட்டம் வரை மொத்தம் பத்தரை ஆண்டு. ஐந்தரை ஆண்டு முடித்ததுமே அரசுக் கால்நடை உதவி மருத்துவர் வேலைக்குப் போக வழி உண்டு. அப்பாவின் கடனும் தங்கையின் படிப்பும் முன்னே நிற்கும்போது, இன்னும் ஐந்தாண்டு உதவித்தொகையில் வாழ்கிறேன் என்று சொல்ல எத்தனை வீடுகளில் முடியும்? எங்களில் ஒருவர் முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய், எட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார்.

அதற்கு மேல் சிறப்புத் துறை என்றால் கதவு இன்னும் குறுகுகிறது. அமெரிக்காவில் மூன்றாண்டு உறைவிடப் பயிற்சி முடித்து, சிறப்புக் கழகத்தின் தேர்வில் வென்றவரே கால்நடை நரம்பியல் வல்லுநர். இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் அது தனித் துறையே இல்லை. மருத்துவத் துறையில் ஒருவர், அறுவைத் துறையில் ஒருவர் என்று ஆர்வத்தால் செய்கிறார்கள். யார் எந்தச் சிறப்பை எடுப்பது என்பது துறைத்தலைவரின் அறையில் முடிவாகும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு யார் போவது என்பதும் அங்கேதான். அந்த அறைக்கு ரோஸ்டர் கிடையாது.

ரோஸ்டர் இருக்கும் இடத்திலும் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரே ஒரு பணியிடம் கொண்ட பிரிவில் இடஒதுக்கீடு கூடாது என்று 1998இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. வழக்கு சண்டிகர் மருத்துவ உயர்கல்வி நிறுவனத்தைப் பற்றியது. 2013இல் எய்ம்ஸ் ஆசிரியர் வழக்கில், மருத்துவத்தின் உயர்சிறப்புத் துறை ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீடு இல்லை என்றது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகத்தை அல்ல, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதை ஆணையாக்கியது. பதின்மூன்று புள்ளி ரோஸ்டர் என்று அப்போது பேசப்பட்டதே, அதில் பட்டியல் சாதியினருக்கு வருவது ஏழாவது இடம். மூன்று ஆசிரியர் மட்டுமே உள்ள துறையில் ஏழாவது இடம் எப்போது வரும்? இருவர் ஓய்வு பெற்று, மூன்றாமவரும் போய், பிறகும் ஒருவர் வந்து போனால்தான். நாடு முழுவதும் மாணவரும் ஆசிரியரும் தெருவுக்கு வந்த பிறகே 2019இல் சட்டம் இயற்றி, மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனத்தையே அலகாக்கினார்கள்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு. எங்களில் ஒருவர் இங்கே நிற்பதற்கு அந்த மூன்று விழுக்காடே காரணம் என்பதை நாங்கள் மூவரும் மறைக்காமல் சொல்கிறோம். விழுக்காட்டை எவ்வளவு உயர்வாக எழுதினாலும், அலகைச் சிறிதாக்கினால் அது காகிதத்திலேயே நின்றுவிடும். இளம் தோழர்கள் ஒரு பணி அறிவிப்பைக் கண்டால் எத்தனை இடம் என்று மட்டும் பார்க்காமல், எதை அலகாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்றும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும்.

உள்ளே வந்த பிறகும் தொடர்கிறது. 2007இல் சுகதேவ் தோரட் குழு டெல்லி எய்ம்ஸ் பற்றிக் கொடுத்த அறிக்கையில், தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் ஒதுக்கப்படுவதும் ஆசிரியரின் கவனம் அவர்களுக்குக் குறைவாகக் கிடைப்பதும் பதிவாகியுள்ளன. 2016இல் ரோஹித் வெமுலாவையும் 2019இல் பாயல் தட்வியையும் இழந்தோம். எங்கள் அனுபவம் அவ்வளவு கொடியதல்ல. எங்களுக்கு நடந்தவை சிறியவை. வாய்மொழித் தேர்வில் சரியான விடை சொன்னதும் "பரவாயில்லையே" என்பார்கள். விலை உயர்ந்த நாயோடு வருபவர் "டாக்டருக்கு எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். பதிலைக் கேட்டபின் அடுத்த முறை வேறு மருத்துவரிடம் சீட்டு வாங்கியிருப்பார். நாய் மட்டும் எங்களைக் கண்டால் வாலாட்டும்.

தூய இரத்தம்

இந்த இடத்தில் நாய்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உயர்ந்த இனம் என்பது என்ன? ஒரு கூட்டத்துக்குள்ளேயே இணைசேர்த்து, வெளியே கலக்காமல் காத்தது. விளைவு எங்கள் மேசைக்கு வருகிறது. காவலியர் ஸ்பேனியல் நாய்க்கு அழகான சிறு தலை வேண்டும் என்று தேர்ந்து தேர்ந்து, மூளைக்கே போதாத மண்டையோடு ஆகிவிட்டது. தண்டுவடத்துக்குள் நீர்ப்பைகள் உண்டாகி, யாரும் தொடாமலே அது வலியால் கத்தும். டாஷ்ஹண்டின் காலைக் குட்டையாக்கிய மரபணு மாற்றம்தான் அதன் முதுகு வட்டையும் கெடுக்கிறது. வெள்ளை நிறத்துக்காகவே காக்கப்படும் நம் இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. நிறமிச் செல்கள் உட்காதில் இல்லாமல் போவதால், கேட்கும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடுகின்றன.

அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதியைப் பற்றி வாசித்த கட்டுரையில், அகமணமே சாதியின் உயிர்நிலை என்று காட்டினார். அவர் பேசியது மனிதரைப் பற்றி, சமூகத்தைப் பற்றி. மனிதர் நாய் இனங்களைப் போலப் பிரிந்தவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வதே சாதியவாதிகளின் பொய். நாங்கள் சொல்வது, தூய்மை என்று காக்கப்பட்ட இடத்தில் நோய் சேர்கிறது என்பதைத்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் தெருக்களில் இருக்கும் கலப்பு நாயை ஆங்கிலேயர் 'பறையா நாய்' என்று நூல்களில் எழுதினார்கள். நம் மக்களின் பெயரை எடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத நாய்க்கு வைத்தார்கள். அந்தச் சொல் விலங்கியல் நூல்களிலும் புகுந்தது. ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவர் எவருக்கும் அதே சொல்தான் இன்றும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாக வீசப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்ட செயல் அது. எங்கள் வகுப்பில் அந்த ஆங்கிலச் சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. நாட்டு நாய் என்கிறோம். ஏன் என்று மாணவர் கேட்டால் காரணத்தைச் சொல்கிறோம். 1927இல் மகாடில் நாயும் மாடும் குடித்த சவுதார் குளத்து நீரைக் குடிக்க மனிதர்கள் போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். நாயை வெறுக்காமல் இதைச் சொல்ல முடியும். குளத்தை மறித்தது நாய் அல்ல.

பட்டியலில் இல்லாத பெயர்

இனி நாங்கள் தள்ளிவைத்த செய்திக்கு வருகிறோம்.

வெறிநோயால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் பயன்படுத்தும் மதிப்பீடு. ஏறத்தாழ எல்லாமே நாய்க்கடியால். சாவது பெரும்பாலும் ஏழைகள், அதிலும் குழந்தைகள். எல்லா வெறிநாயும் துரத்திக் கடிக்காது. சில நாய்கள் தாடை தொங்கி, விழுங்க முடியாமல், எச்சில் ஒழுகச் சோர்ந்து கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள். இதை நீங்கள் உங்கள் தெருவில் சொல்ல வேண்டும்.

அப்படிச் செத்த நாயின் மூளையை எடுத்துச் சோதிக்க வேண்டும். சிறுமூளையும் மூளைத்தண்டும் சிதையாமல் வேண்டும். அதை எப்படி எடுப்பது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பிணக்கூறாய்வுக் கூடத்தில் இருபது ஆண்டுக்கு மேல் தினக்கூலியாக இருந்த அண்ணன். கண்களுக்குப் பின்னால் குறுக்கே ஒரு வெட்டு, இரு பக்கமும் பிடரித் துளை வரை இரண்டு வெட்டு. மின்ரம்பம் வேண்டாம், துகள் பறக்கும், கைரம்பமே போதும் என்று அவர்தான் சொன்னார். அதையே பிறகு நூல்களில் படித்தோம். அவரும் நம்மவர். மாணவராக இருந்தவரை அவரை அண்ணன் என்றோம். ஆசிரியரான பிறகு, மற்ற ஆசிரியர்களைப் போலப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எப்போது மாறியது என்று எங்களுக்கே நினைவில்லை.

ஒருநாள் கையுறை கிழிந்து, எலும்புச் சில்லு அவர் விரலில் ஏறியது. அந்த மூளை வெறிநோய் உறுதி என்று வந்தது. முன்தடுப்பூசி போட்டவராக இருந்தால் இரண்டு ஊசியோடு முடிந்திருக்கும். அவருக்குப் போடவில்லை. ஆகவே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் தொடர் ஊசிகளும் வேண்டியிருந்தன. முன்தடுப்பூசிப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். மாணவர் இருந்தார்கள், ஆசிரியர் இருந்தார்கள், நிரந்தர ஊழியர் இருந்தார்கள். தினக்கூலிகள் இல்லை. பட்டியலின் கீழே இருந்த கையெழுத்து எங்களில் ஒருவருடையது.

பழைய பட்டியலை அப்படியே நகலெடுத்துக் கையெழுத்திட்டிருந்தோம். யாருடைய சதியும் அதில் தேவைப்படவில்லை.

அண்ணன் பிழைத்தார். நாங்கள் மனு எழுதினோம். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினோம், அதே பதில். அப்போதுதான் எங்கள் பரிசோதனை நினைவுக்கு வந்தது. கிள்ளினால் கால் இழுத்துக்கொள்கிறது. கடிதம் போட்டால் பதில் வருகிறது. செய்தி மேலே போகவே இல்லை.

பிறகு ஒன்று செய்தோம். தடுப்பூசி போடாத எவரும் மண்டையோட்டைத் திறக்க மாட்டார், அதுவரை ஆசிரியர்கள் முறைவைத்துத் திறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் நாங்களே ரம்பம் பிடித்தோம். மூன்றாவது வாரம் முறை மற்றவர்களுக்குப் போனது. தம் குடும்பத்தில் எவரும் பிணத்தைத் தொட்டதில்லை என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஆறாவது வாரத்தில் தினக்கூலிகள் அனைவருக்கும் தடுப்பூசி போட ஆணை வந்தது. முகம் திரும்பிவிட்டது.

இதை வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஒப்பந்த நிறுவனம் ஆண்டுதோறும் ஆளை மாற்றுகிறது. ஒவ்வோர் ஆண்டும் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பெயர்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அண்ணன் ஓய்வூதியம் இல்லாமல் வேலையைவிட்டு நின்றார். அவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "ஊசி வந்துச்சுல்ல, விடுங்க சார்" என்றார். அந்த 'சார்' எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

மாணவத் தோழர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களின் கேள்விக்கு எங்களிடம் இருக்கும் விடை இதுதான். நாயின் மூளைக்குள் இருக்கும் நோய் நம் குழந்தையைக் கொல்லக்கூடியது. அந்த மூளையைத் திறக்கும் கை நம் கை. அப்படியானால், அந்த அறையில் முடிவெடுப்பவர்களிலும் நாம் இருக்க வேண்டும். ஆகவே வாருங்கள். ஐந்தரை ஆண்டோடு நிறுத்திக்கொள்ளும் நெருக்கடி இருந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம், திரும்பி வர வழி உண்டு. உதவித்தொகை, ரோஸ்டர், தகுதித் தேர்வு பற்றி எதுவானாலும் எங்களைக் கேளுங்கள்.

வந்த பிறகு, உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். யார் பெயர் இல்லை என்று பாருங்கள். நாங்கள் பார்க்கத் தவறினோம். கையெழுத்திடும் இடத்துக்கு நம்மவர் வந்துவிட்டால் போதும் என்று நம்பினோம். போதவில்லை.

இந்த மன்றம் எழுத்தாளர்களின் மன்றம். ஒரு கோரிக்கையோடு முடிக்கிறோம். பிணக்கூறாய்வுக் கூடங்களிலும் சவக்கிடங்குகளிலும் வேலை செய்பவர்களிடம் இருக்கும் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. அண்ணன் இப்போது ஊரில்தான் இருக்கிறார், நன்றாகப் பேசுவார். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போக ஆள் வேண்டும். நாங்கள் வழி காட்டுகிறோம்.